வகுப்பறை தில்லிக்குச் சென்றது



பள்ளிகளில் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா என்று ஒன்று நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். மூட்டை முடிச்சுகளோடு புறப்படுகின்றோம். பல இடங்களைப் பார்க்கின்றோம். திரும்பி வந்ததும் 'நான் கண்ட தலைநகரம்' என்று ஒரு கட்டுரை எழுதுகின்றோம். அத்தகைய ஒரு பயணத்தைப் பற்றியே நானும் இன்று பேசப் போகின்றேன். ஆயினும், பார்த்த இடங்களின் பட்டியலை உங்கள் முன் ஒப்பிப்பது என் நோக்கமன்று. ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு விடை தேடிக்கொண்டு நாற்பது மாணாக்கர்களும் நானும் தில்லிக்குச் சென்றோம். கேள்வியைக் கேட்ட மாணவி மட்டும் எங்களோடு வரவில்லை. அதைப் பற்றியதே இந்தப் பேச்சு.

1994ஆம் ஆண்டு அது. காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரின் மேல்நிலைப் பள்ளியில் நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தேன். தலைமையாசிரியர் பொறுப்பு அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே வந்தது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்தவுடன் பதினோராம் வகுப்பாரைத் தில்லிக்கு அழைத்துச் செல்வதென்று முடிவாயிற்று. இரயில் கட்டணச் சலுகை போகத் தலைக்கு ஒரு தொகை விதித்தோம். வகுப்பில் இருந்தோர் நாற்பத்து மூவர். நாற்பது பேர் பணம் கட்டினார்கள், மூவர் கட்டவில்லை. அம்மூவரில் இருவர் தமக்கு உடல்நலம் சரியில்லை என்றனர். அந்த வயதில் வறுமையைச் சொல்வதைவிடக் காய்ச்சலைச் சொல்வது எளிது. மூன்றாமவள் செங்கற் சூளையில் வேலை செய்பவர் ஒருவரின் மகள். அவள் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "எங்கள் அப்பாவால் முடியாதுங்க, ஐயா" என்றாள். "அடுத்த முறை பார்க்கலாம், அம்மா" என்று சொல்லிவிட்டு நானும் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவள் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றாள். "ஐயா, நீங்கள் திரும்பி வந்ததும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தலைநகரம் ஏன் நமக்கு இவ்வளவு தொலைவில் இருக்கின்றது?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "பஞ்சாபில் இருக்கும் பிள்ளைக்கு அது பக்கத்தில்தானே இருக்கின்றது? தொலைவு என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது" என்றேன். அவளும் தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் அந்த விடை சரியான விடையன்று என்பது இரயில் ஏறிய பிறகே எனக்கு உறைத்தது.

சென்னையிலிருந்து தில்லிக்கு இரும்புப் பாதையில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். கிருஷ்ணை, கோதாவரி, நருமதை, சம்பல் என்று ஆறுகளை ஒவ்வொன்றாகக் கடந்தோம். நிலையப் பலகைகளில் எழுத்து மாறிற்று. தேநீர் விற்பவரின் குரல் மாறிற்று. சன்னல் வழியே வரும் காற்றும் மாறிற்று. அப்போது மாணவர்களிடம் அவள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். "இதற்கு விடை கண்டு செல்வோம், இந்தப் பயணத்தின் வீட்டுப்பாடம் இதுதான்" என்றேன்.

இரயில் பெட்டியிலேயே இந்திய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு முதல் விடையைத் தேடினோம். வடக்கே இமயமலை. தென்மேற்கே தார்ப் பாலைவனம். வடமேற்குக் கணவாய்களின் வழியே வருகின்ற எவரும் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள சமவெளியைக் கடந்துதான் கங்கைப் படுகைக்குள் நுழைய வேண்டும். ஆரவல்லி மலைத்தொடரின் கடைசிப் பாறை முகடு வந்து முடிகின்ற இடத்தில் யமுனை ஓடுகின்றது. முகட்டிற்கும் ஆற்றிற்கும் இடையில் அமைந்த முக்கோண நிலமே தில்லி. அதற்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் பானிப்பட்டு இருக்கின்றது. 1526, 1556, 1761 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வட இந்தியாவின் தலைவிதி அந்த ஒரே களத்தில்தான் முடிவு செய்யப்பட்டது. வீட்டுக் காவலுக்கு இருப்பவர் கூடத்தின் நடுவிலா கட்டில் போட்டுக்கொள்கிறார்? வாயிற்படியில் அன்றோ படுக்கிறார்! தில்லி நாட்டின் நடுவில் வைக்கப்பட்ட நகரமன்று. வாயிலில் வைக்கப்பட்ட நகரம். ஆதலால்தான் அது நமக்குத் தொலைவாயிற்று. இது முதல் விடை. பூகோளம் தந்த விடை.

தில்லியில் முதல் நாள் குதுப் மினாருக்குச் சென்றோம். 72.5 மீட்டர் உயரம். உள்ளே 379 படிகள். 1981ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அதன் உட்படிகளில் ஏற்பட்ட நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் எங்களைப் போலவே சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். அது முதல் எவரையும் மேலே ஏற விடுவதில்லை. அந்த வாயிலின் முன்னே நின்றபோது என் கை தானாகவே மாணவர்களின் தலைகளை எண்ணியது. நாற்பது இருந்தன. ஆனால் என் வகுப்பில் நாற்பத்து மூவர் அல்லவா?

'குதுப் மினாரைக் கட்டியவர் யார்?' என்ற வினாவை நான் பல ஆண்டுகள் தேர்வுத்தாளில் கேட்டிருக்கின்றேன். 'குத்புதீன் ஐபக் தொடங்கினார். இல்துத்மிஷ் தொடர்ந்து கட்டினார்' என்று எழுதினால் முழு மதிப்பெண். அன்று ஒரு மாணவன், "அவர்களா, ஐயா, கல்லைச் சுமந்தார்கள்?" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குக் கல்லிலேயே விடை இருக்கின்றது. அருகிலுள்ள மசூதி, இடிக்கப்பட்ட 27 கோயில்களின் பொருள்களைக் கொண்டு எழுப்பப்பட்டது என்று அம்மசூதியின் கல்வெட்டே கூறுகின்றது. அதே வளாகத்தில், 1368ஆம் ஆண்டையொட்டி இடி விழுந்து மினாரின் மேல்தளம் சிதைந்தபோது, பெரோஸ் ஷா துக்ளக்கின் ஆட்சியில் அதைப் பழுது பார்த்தவர்கள் நாகரி எழுத்தில் தம் பணியைப் பொறித்து, விசுவகர்மாவின் அருளால் அது முடிந்தது என்று குறித்திருக்கிறார்கள். இடித்ததையும் கல் சொல்கின்றது. எடுத்துக் கட்டியதையும் கல்லே சொல்கின்றது. அரசன் ஒரு கடவுளை வணங்கினான். அவன் கோபுரத்தைச் செப்பனிட்ட சிற்பி தன் தொழிலின் தெய்வத்தை நினைத்துக்கொண்டான். வரலாற்றைப் படிப்பவர் இவற்றுள் எதையும் விட்டுவிடக் கூடாது. செங்கற் சூளைக்காரர் மகள் உடன் வந்திருந்தால் இந்த இடத்தில் இன்னும் எதையாவது கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் துக்ளகாபாத் கோட்டையைக் காணச் சென்றோம். கியாசுதீன் துக்ளக் 1321ஆம் ஆண்டில் தொடங்கிய தலைநகரம் அது. மலைபோன்ற மதில்கள் இன்னும் நிற்கின்றன. நகரம் மட்டும் இல்லை. கட்டிய சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. உள்ளே முட்செடிகளும் குரங்குகளுமே குடியிருந்தன. மாணவர்கள் திகைத்தார்கள். நான் அவர்களுக்கு நம் கங்கைகொண்ட சோழபுரத்தை நினைவூட்டினேன். இராசேந்திர சோழனின் புதிய தலைநகரமாக எழுந்து, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகரமாக விளங்கிய அவ்விடத்தில் இன்று பெருங்கோயில் நிற்கின்றது. அரண்மனை இருந்த மேட்டில் செங்கல் அடித்தளமே எஞ்சியிருக்கின்றது. தலைநகரம் என்பது ஓர் ஊருக்குக் கிடைத்த நிலையான பட்டமன்று.

கியாசுதீனின் மகன் முகம்மது பின் துக்ளக்கோ, அம்மாணவி கேட்ட அதே கேள்வியைத் தன் மனத்தில் கேட்டுக்கொண்டவன். தலைநகரம் தெற்கிற்கு ஏன் இவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்று எண்ணி, 1327ஆம் ஆண்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தேவகிரியைத் தௌலதாபாத் என்று பெயரிட்டு இரண்டாம் தலைநகரமாக்கினான். தில்லி முழுவதையும் காலி செய்தான் என்று பழைய நூல்கள் கூறும். பிரபுக்கள், அறிஞர்கள், அதிகாரிகள் ஆகியோரின் குடும்பங்களே பெரும்பாலும் சென்றன என்று இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும், நெடுவழியில் பட்ட துன்பம் பெரிது. சில ஆண்டுகளில் தலைநகரம் மீண்டும் தில்லிக்கே திரும்பிற்று. அதே 1330களில் நம் மதுரையில் அவன் அமர்த்திய ஆளுநரே தனியரசு அறிவித்துக்கொண்டார். அரண்மனையைப் பக்கத்தில் கொண்டுவந்தால் மக்களும் பக்கத்தில் வந்துவிடுவார்கள் என்று சுல்தான் நினைத்தான். அவர்கள் வரவில்லை. ஏனெனில், எந்த மக்களை ஆள எண்ணினானோ அவர்களை அவன் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இது இரண்டாம் விடை.

மூன்றாம் நாள் சாந்தினி சௌக் கடைத்தெருவில் நடந்தோம். ஷாஜஹான் அமைத்த நகரத்தின் நடுத்தெரு அது. அங்கே மாணவர்களுக்கு ஆங்கிலேயரின் கதையைச் சொன்னேன். அவர்களுடைய தலைநகரம் நெடுங்காலம் கல்கத்தாவாக இருந்தது. 1905ஆம் ஆண்டில் வங்காளத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தபோது மக்களின் சினம் மூண்டது; அந்நியத் துணி பகிஷ்காரமும் போராட்டமும் தலைநகரத்தின் தெருக்களிலேயே நடந்தன. 1911 டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இரண்டு அறிவிப்புகளைச் செய்தார். ஒன்று, வங்காளப் பிரிவினை நீக்கப்படும். மற்றொன்று, தலைநகரம் தில்லிக்கு மாறும். பேரரசுகளின் பழைய இருக்கை தில்லி என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. கொதித்துக் கொண்டிருந்த கல்கத்தாவிலிருந்து விலகி இருக்கலாம் என்ற நினைவும் அதனுள் கலந்திருந்தது. ஆக, தலைநகரம் தொலைவில் இருப்பது சில வேளைகளில் ஆள்வோர் விரும்பித் தேடிக்கொள்வதுமாகும்.

அந்தத் தொலைவு அவர்களைக் காத்ததா? 1912 டிசம்பர் 23ஆம் நாள், புதிய தலைநகரத்திற்குள் யானைமீது பவனி வந்தார் இராசப்பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபு. இதே சாந்தினி சௌக்கில் அவர்மீது குண்டு வீசப்பட்டது. அவர் படுகாயமுற்றார்; அவருக்குப் பின்னே இருந்த பணியாள் உயிரிழந்தார். கல்கத்தாவில் விட்டு வந்ததாக எண்ணிய சினம் அவர்களுக்கு முன்பே தில்லிக்கு வந்து சேர்ந்திருந்தது!

அங்கிருந்து ரைசினாக் குன்றிற்குப் போனோம். எட்வின் லட்யன்ஸ், ஹெர்பர்ட் பேக்கர் ஆகிய கட்டடக் கலைஞர்கள் திட்டமிட்ட புதுதில்லி 1931 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. 340 அறைகள் கொண்ட அரசப் பிரதிநிதி மாளிகை குன்றின்மீது நிற்க, கீழே அகன்ற நேரான பெருவழி ஓடுகின்றது. காண்போரைச் சிறியவராக்கிக் காட்டும் அமைப்பு அது. நூற்றாண்டுகள் நிலைப்பதற்கென்று கட்டினார்கள். திறந்த பதினாறே ஆண்டுகளில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். துக்ளகாபாதை முதல் நாளே பார்த்திருந்த மாணவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் செங்கோட்டை. 1858ஆம் ஆண்டில் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவை அவருடைய சொந்த அரண்மனை மண்டபத்திலேயே வைத்து ஆங்கிலேயர் விசாரித்து, இரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1945 நவம்பரில் அதே கோட்டையில் இந்திய தேசிய இராணுவத்தின் ஷா நவாஸ் கான், பிரேம்குமார் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது வழக்குத் தொடுத்தனர். அந்தப் படையில் மலேயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்கள் ஏராளமாக இருந்தனர். காவிரிப் படுகையிலிருந்து கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகள் அவர்களுள் உண்டு. தில்லியைக் கண்ணால் காணாதவர்கள் தில்லியை நோக்கிப் புறப்பட்டார்கள்! அவர்கள் வந்து சேரவில்லை. ஆனால் அந்த வழக்கு நாடெங்கும் எழுப்பிய கொந்தளிப்பு வந்து சேர்ந்தது. சுதந்திர இந்தியாவின் கொடியைப் பிரதமர் நேரு செங்கோட்டையில் ஏற்றியது 1947 ஆகஸ்டு 16ஆம் நாள். 15ஆம் நாள் என்று பலர் எழுதுவது பிழை.

அன்று பிற்பகல் பாராளுமன்றக் கட்டடத்தைக் காண அனுமதி கிடைத்தது. கூட்டத்தொடர் முடிந்திருந்ததால் அவைகள் அமைதியாக இருந்தன. 144 தூண்கள் சூழ்ந்த அந்த வட்டக் கட்டடமும் 1927இல் ஆங்கிலேயர் திறந்து வைத்ததுதான். ஆனால் அதன் மைய மண்டபத்தில் 1946 டிசம்பர் 9ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை கூடிற்று. 1949 நவம்பர் 26ஆம் நாள் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது. அச்சபையில் இருந்த பெண்கள் பதினைவர். அவர்களுள் ஒருவர் தாட்சாயணி வேலாயுதன். கொச்சியில் ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்றில் பிறந்து, சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். சபையில் இருந்த ஒரே தலித் பெண். அப்போது அவருக்கு வயது 34. அந்த மண்டபத்தில் அவருக்கும் ஓர் இருக்கை இருந்தது என்று நான் சொன்னபோது, மாணவிகள் வரிசை வரிசையாக இருந்த இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் சொத்து, வரி, படிப்பு முதலியவற்றைப் பார்த்துத்தான் வாக்குரிமை அளித்தனர். அரசியலமைப்பு அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. 1951–52 பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளர்களாக இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். வாக்களிக்கும் வயது 21 ஆக இருந்து, 1989 முதல் 18 ஆயிற்று. "இன்னும் இரண்டு ஆண்டுகளில் உங்கள் வாக்கும் இந்தக் கட்டடத்திற்கு வந்து சேரும். செங்கற் சூளையிலிருந்தும் வரும். அதற்குப் பயணச்சீட்டு வேண்டாம்" என்றேன். இதுவே மூன்றாம் விடை என்றும், இதுவே சிறந்த விடை என்றும் மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். நானும் மகிழ்ந்தேன்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியை அழைத்து மூன்று விடைகளையும் வரிசையாகச் சொன்னேன். வாயிற்காவலைச் சொன்னேன்; துக்ளக்கைச் சொன்னேன்; வாக்குரிமையையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு மெல்லிய குரலில், "அப்படியானால் தில்லி தொலைவில்லை, ஐயா. நம் ஊர் இரயில் நிலையந்தான் எங்கள் வீட்டிற்குத் தொலைவு" என்றாள்.

அவள் என்மீது குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. எந்தத் தகுதியும் பாராமல் எல்லாரையும் உள்ளே அழைத்த மண்டபத்தை, பணம் கட்டியவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு போய் நான் காட்டிவிட்டு வந்திருக்கின்றேன்! சொத்துள்ளவருக்கே வாக்கு என்ற பழைய விதியை என் வகுப்பிலேயே நான் நடத்தியிருக்கின்றேன். சமத்துவத்தைப் பற்றிய பாடத்தை அவ்வாறு நடத்தினால் அது ஏட்டுச் சுரைக்காய் அன்றோ?

மறு ஆண்டு சூன் மாதம் முதல் எங்கள் வகுப்பில் ஓர் உண்டியல் வைத்தோம். வாரந்தோறும் அவரவரால் இயன்ற காசு. யார் எவ்வளவு போட்டார் என்று கணக்கெழுதுவதில்லை. ஆசிரியர்களும் போட்டோம். சேர்ந்த தொகைக்கு ஏற்ற தொலைவு; போனால் வகுப்பு முழுவதும் போவது, இல்லையேல் எவரும் போவதில்லை. முதல் ஆண்டில் சேர்ந்த தொகை தில்லிக்குப் போதவில்லை. பேருந்தில் ஏறிக் கங்கைகொண்ட சோழபுரத்திற்குச் சென்றோம். அதுவும் ஒரு பேரரசின் தலைநகரந்தானே! அன்று தலைகளை எண்ணியபோது வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணும் கையால் எண்ணிய எண்ணும் ஒன்றாக இருந்தன. பிற்காலத்தில் இருமுறை தில்லிக்கும் அவ்வாறே சென்று வந்தோம். ஆனால் கேள்வி கேட்ட அந்தப் பெண், பன்னிரண்டாம் வகுப்பின் பொதுத்தேர்வை எழுதிவிட்டுப் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள். 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று நான் சொன்ன அந்த அடுத்த முறை அவளுக்கு வாய்க்கவே இல்லை. ஆசிரியன் சொல்லும் சொற்களுள் கனமான சொல் எது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

இப்போது நீங்கள் தில்லிக்குச் சென்றால் நாங்கள் கண்டவற்றுள் சில மாறியிருக்கக் காண்பீர்கள். இராசபாதை 2022ஆம் ஆண்டில் கர்தவ்யா பாதை என்று பெயர் பெற்றது. 2023 மே மாதம் புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. பழைய வட்டக் கட்டடத்திற்கு இப்போது சம்விதான் சதன், அதாவது அரசியலமைப்பு மாளிகை, என்று பெயர். தலைநகரங்கள் என்றும் இவ்வாறே புதிய பெயரும் புதிய சுவரும் பெற்று வந்திருக்கின்றன. அவற்றைப் பாருங்கள், ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லில் எழுதியிருப்பதையும் எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆனால் வண்டி ஏறுமுன் உங்கள் வகுப்பை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வராதவர் எவர், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். காய்ச்சல் என்று சொன்னால் இன்னொருமுறை, தனியே அழைத்து, அன்போடு கேளுங்கள்.